அன்றாட வாழ்வும் சிறுவர் கதையும்

கதை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏழு கடலும் ஏழு மலையும் நம் கண்முன் தோன்றுகின்றன. கிளியின் உடலுக்குள் தன் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் தோன்றுகிறான். அவனைத் தேடிப் புறப்படும் அரசிளங்குமரனும் தோன்றுகிறான். இத்தகைய கதைகள் தொன்றுதொட்டுக் குழந்தைகளை மகிழ்வித்து வருகின்றன. அவற்றின்மேல் எனக்கு எவ்வகைக் குறையும் இல்லை. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வகைக் கதை. ஒரு சிறுமி பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய புதிய ரப்பர் துண்டை ஒரு பையன் பறித்துக்கொள்கிறான். ஒருநாள் மாலை அவள் தந்தை வேலையை இழந்து வீடு திரும்புகிறார். இவ்வளவே அக்கதையின் நிகழ்ச்சிகள். தொடக்கப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கென எழுதப்படும் இவற்றை அன்றாட வாழ்க்கைக் கதைகள் என்று சொல்லலாம்.

“இதில் என்ன கதை இருக்கிறது? இது எங்கள் வீட்டில் நாள்தோறும் நடப்பதுதானே!” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். பொதுப்படப் பேசிச் செல்வதைவிட, இத்துறையில் பெரும்புகழ் பெற்ற ஓர் ஆசிரியரின் நூல்களை எடுத்துக்கொண்டு விளக்குவது தெளிவாக இருக்கும் என்று கருதுகிறேன். அவர் பெயர் பெவர்லி கிளியரி. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலத்தில் 1916ஆம் ஆண்டு பிறந்தவர். 104 ஆண்டுகள் வாழ்ந்து, 2021ஆம் ஆண்டு மறைந்தார்.

கிளியரி தம் குழந்தைப் பருவத்தின் முதல் ஆறு ஆண்டுகளை யாம்ஹில் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணையில் கழித்தார். அவ்வூரில் நூலகம் இல்லை. அவருடைய தாயார் மாநில நூலகத்திலிருந்து புத்தகங்களை வரவழைத்து, ஒரு வங்கியின் மாடியறையில் சிறு நூலகம் ஒன்றை அமைத்தார். இத்தகைய தாயின் மகள் படிப்பில் முந்தி நிற்பாள் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. குடும்பம் போர்ட்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. முதல் வகுப்பில் நோயின் காரணமாகச் சில வாரங்கள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. திரும்பி வந்த சிறுமியைப் படிப்பில் பின்தங்கியவர்களின் வரிசையில் அமர்த்தினார்கள். அவளுக்குப் புத்தகம் என்றாலே அச்சமும் வெறுப்பும் உண்டாயின. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற பின்னரும் அவள் தானாக ஒரு நூலையும் எடுத்துப் படிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு பொழுதுபோக்கு இன்மையால் ஒரு கதை நூலைப் புரட்டினாள். படங்களைப் பார்க்கத்தான் அதைத் திறந்தாள். சற்று நேரத்தில், தான் படித்துக்கொண்டிருப்பதையும் படிப்பு இனிப்பதையும் ஒருங்கே உணர்ந்தாள்.

அதன்பின் நூலகத்தில் கிடைத்தவற்றை எல்லாம் அவள் படித்தாள். ஆயினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. அக்காலத்துச் சிறுவர் நூல்களில் வந்த பிள்ளைகள் சிலர், செவிலியரும் குதிரைக் குட்டிகளும் உடைய இங்கிலாந்துச் செல்வக் குழந்தைகள். மற்றும் சிலர் வறியவர்கள். கடைசி அதிகாரத்தில் எங்கிருந்தோ ஒரு செல்வந்த உறவினர் வந்து அவர்களுடைய துன்பத்தை ஒரே நாளில் தீர்த்து வைப்பார். போர்ட்லண்டு நகரத்துத் தெருவில் உருளிச் சறுக்குக் காலணி அணிந்து ஓடும் பிள்ளைகள், தந்தையின் மாதச் சம்பளத்தை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகள், எந்த நூலிலும் இல்லை. தன் தெருவைப்பற்றிய கதை ஏன் இல்லை என்று அச்சிறுமி வியந்தாள்.

வளர்ந்தபின் கிளியரி நூலகப் பயிற்சி பெற்று, 1939ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா என்னும் ஊரில் சிறுவர் நூலகராகப் பணியேற்றார். அங்கே ஒரு பள்ளியிலிருந்து சிறுவர்கள் கூட்டமாக நூலகத்துக்கு வருவார்கள். படிப்பில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை. அவர்களுக்கேற்ற நூலைத் தேடித் தருவது கிளியரியின் கடமை. ஒருநாள் அவர்களில் ஒருவன், தங்களைப் போன்ற பிள்ளைகளைப்பற்றிய புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டான். கிளியரியும் அலமாரிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தார். காட்டுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தாம் சிறுமியாக இருந்தபோது எழுந்த அதே கேள்வியை வேறொரு தலைமுறை தம்மிடமே கேட்டதை அவர் மறக்கவில்லை.

நண்பர்களே, அச்சிறுவனின் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. புத்தகத்தில் தன்னைக் காணாத குழந்தை இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறது. ‘புத்தகம் என்பது வேறு யாருக்கோ உரியது’ என்பது ஒன்று. ‘என் வாழ்க்கை எழுதத்தக்கது அன்று’ என்பது மற்றொன்று. முதல் முடிவுக்கு வந்த குழந்தை படிப்பை விட்டு விலகுகிறது. இரண்டாம் முடிவுக்கு வந்த குழந்தை தன்னையே குறைத்து மதிக்கத் தொடங்குகிறது. இரண்டும் இழப்பே. அன்றாட வாழ்க்கைக் கதையின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

கிளியரியின் முதல் நூல் ‘ஹென்றி ஹக்கின்ஸ்’ 1950ஆம் ஆண்டு வெளிவந்தது. ஹென்றி மூன்றாம் வகுப்பு மாணவன். போர்ட்லண்டு நகரில் கிளிக்கிடாட் தெருவில் வாழ்கிறான். அத்தெரு கற்பனைத் தெரு அன்று. கிளியரி வளர்ந்த வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் உள்ளது. அப்பெயரின் ஒலி பின்னல் ஊசிகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையை நினைவூட்டியதால் அதனைத் தேர்ந்துகொண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். தன் வாழ்வில் ஒன்றுமே நிகழ்வதில்லை என்பது ஹென்றியின் மனக்குறை. ஒருநாள் எலும்பும் தோலுமான தெருநாய் ஒன்று அவனைத் தொடர்கிறது. அதற்கு ரிப்ஸி என்று பெயரிடுகிறான். வீட்டுக்கோ பேருந்தில்தான் போகவேண்டும். பேருந்திலோ பெட்டியில் அடைக்காத நாயை ஏற்றமாட்டார்கள். பெட்டிக்கு எங்கே போவது? நாய் அதில் அடங்கி இருக்குமா? முதல் அதிகாரம் முழுவதும் இதுவே சிக்கல். படிக்கும் பிள்ளைக்கு இது கடல் தாண்டும் செயலுக்குக் குறைந்தது அன்று.

இன்னொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அண்டை வீட்டுப் பையனின் விலையுயர்ந்த பந்தை ஹென்றி எறிய, அது தெருவில் சென்றுகொண்டிருந்த ஒரு காருக்குள் விழுந்து போய்விடுகிறது. பந்தின் விலையை அவன் கொடுக்கவேண்டும். மீன் பிடிக்கும் ஒருவர், தூண்டில் இரைக்காக மண்புழு ஒன்றுக்கு ஒரு சென்ட் தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் பந்தின் விலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட புழுக்கள் வேண்டும்! ஹென்றி இரவுதோறும் கைவிளக்குடன் புல்வெளியில் குனிந்து புழு பொறுக்குகிறான். இறுதியில் தாயும் தந்தையும் அவனோடு சேர்ந்துகொள்கிறார்கள். தேவதை வந்து பொற்காசுகளைக் கொட்டியிருந்தால் கதை ஒரு நொடியில் முடிந்திருக்கும். இங்கே குழந்தை கணக்குப் போடுகிறான், உழைக்கிறான், முதுகு வலிக்கிறது. பணம் என்பது என்ன என்பதைப் படிக்கும் பிள்ளையும் அவனோடு சேர்ந்து அறிந்துகொள்கிறது.

இத்தகைய கதைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சற்று ஆராய்வோம். நான் காணும் முதல் இலக்கணம் அளவுகோல் பற்றியது. பெரியவர் ஒருவர் சிறிது என்று கருதும் நிகழ்ச்சி குழந்தைக்குப் பெரிதாக இருக்கும். நாற்பது வயதுள்ளவருக்கு ஒரு நாள் என்பது வந்து போன ஆயிரக்கணக்கான நாட்களுள் ஒன்று. பள்ளியில் முதன்முதலாகச் சேரும் குழந்தைக்கு அந்த நாளே உலகம். நல்ல ஆசிரியர் குழந்தையின் அளவுகோலைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். பெரியவரின் அளவுகோலால் அளந்துவிட்டுக் குழந்தையைப் பார்த்துப் புன்னகை செய்யும் கதைகளும் உண்டு. அவை குழந்தையைப்பற்றியவை, குழந்தைக்கு உரியவை ஆகா.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ரமோனா குவிம்பி. ஹென்றியின் கதைகளில் அவனுடைய தோழி பீசஸ் என்பவளின் தங்கையாக இவள் முதலில் வந்தாள். தம் கதையில் வந்த பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறப்பு அற்றவர்களாக இருப்பதைக் கண்ட கிளியரி, ஒருத்திக்கேனும் தங்கை இருக்கட்டும் என்று இவளைச் சேர்த்தார். சிறிய பாத்திரமாக நுழைந்த இவள், 1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘பீசஸும் ரமோனாவும்’ என்ற நூலில் நான்கு வயதுச் சிறுமியாகத் தமக்கையின் பொறுமையைச் சோதித்தாள். 1968ஆம் ஆண்டு தொடங்கிக் கதைத் தலைவியாகவே ஆகிவிட்டாள். ரமோனாவைப்பற்றிய கடைசி நூல் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. 44 ஆண்டுகளில் அவளுக்கு வயது நான்கிலிருந்து பத்து ஆயிற்று!

ரமோனா பாலர் வகுப்பில் சேரும் நாளைப் பாருங்கள். ஆசிரியை அவளை ஒரு நாற்காலியில் அமரச் செய்து, இப்போதைக்கு இங்கே இரு என்று சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘பிரசன்ட்’ என்னும் சொல் நிகழ்காலத்தையும் குறிக்கும், பரிசையும் குறிக்கும். இங்கே அமர்ந்திருந்தால் பரிசு கிடைக்கும் என்று ரமோனா பொருள் கொள்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் விளையாட எழுகிறார்கள். அவள் அசையவில்லை. பரிசு வரும்வரை எழுவதில்லை என்று உறுதியாக அமர்ந்திருக்கிறாள். உண்மை வெளிப்பட்டபோது அவளுக்கு உண்டாகும் ஏமாற்றம் சிறிதன்று. குற்றம் அவளுடையதா? இல்லை. சொற்களே அவளை ஏமாற்றிவிட்டன.

இங்கே இரண்டாம் இலக்கணத்தைக் காண்கிறோம். கதையை ஆசிரியரே படர்க்கையில் சொல்கிறார். எனினும் ரமோனா அறிந்ததைத்தான் சொல்கிறார். அவள் தவறாகப் புரிந்துகொண்டதை இடையில் புகுந்து திருத்துவதில்லை. படிக்கும் பிள்ளைக்கு எட்டு வயது என்றால், அச்சொல்லின் இரு பொருளும் அதற்குத் தெரியும். ஆகவே சிரிக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் தானும் அப்படித்தான் இருந்தோம் என்பதும் உடனே நினைவுக்கு வருகிறது. தான் வளர்ந்திருக்கிறோம் என்று ஒரு குழந்தை உணர்வதற்கு இதனினும் இனிய வழி இல்லை. உயரத்தைச் சுவரில் கோடிட்டுப் பார்ப்பது போன்றது அது.

அதே வகுப்பில் ஆசிரியை ஒரு படக்கதையைப் படித்துக் காட்டுகிறார். அக்கதையில் வரும் ஒருவன் காலைமுதல் மாலைவரை ஓர் இயந்திரத்தால் நிலத்தைத் தோண்டிக்கொண்டே இருக்கிறான். ரமோனா கை உயர்த்துகிறாள். அவன் இடையில் கழிவறைக்குப் போனது எப்படி என்று கேட்கிறாள். வகுப்பு முழுவதும் விடையை அறியக் காத்திருக்கிறது. அது கதைக்கு முக்கியம் அன்று என்று ஆசிரியை சமாளிக்கிறார். பிள்ளைகளுக்கோ அது மிக முக்கியம். புதிய பள்ளியில் அவர்களுக்கு உள்ள பெருங்கவலைகளுள் அதுவும் ஒன்று. புத்தகங்கள் எவற்றை எல்லாம் சொல்லாமல் விட்டுவிடுகின்றன என்பதை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே கேள்வியில் காட்டிவிடுகிறாள்.

மூன்றாவதாக, இக்கதைகள் நீதி சொல்லும் முறையைக் காண்போம். பழைய சிறுவர் கதைகளில், குறும்பு செய்த பிள்ளை தண்டனை பெறும். இறுதியில் திருந்தி நல்ல பிள்ளையாகும். கிளியரிக்கு இம்முறையில் விருப்பம் இல்லை. பெட்டி நிறைய இருந்த ஆப்பிள்களை ரமோனா ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே ஒரு கடி கடித்துவிட்டு எறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. முதல் கடிதான் சுவையாக இருக்கிறது என்பது அவள் கூறும் காரணம். இந்நிகழ்ச்சியை நான் சில குழந்தைகளுக்குச் சொல்லியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, ‘அந்தப் பழங்களை எல்லாம் பிறகு என்ன செய்தார்கள்?’ என்பதே. அவளை அடித்தார்களா என்று எவரும் கேட்கவில்லை. கிளியரி அதற்கு விடை வைத்திருக்கிறார். அவளைக் கடிந்துகொண்டால் அவள் விரும்பும் கவனம் அவளுக்குக் கிடைத்துவிடும். ஆகவே அதைப்பற்றி ஒருவரும் பேசவேண்டாம் என்று சிற்றன்னை யோசனை கூறுகிறாள். தாய் கடிபட்ட பழங்களை நறுக்கி, வேகவைத்து மசித்துப் பாத்திரம் பாத்திரமாக எடுத்து வைக்கிறாள். ஒரு குடும்பம் எப்படி நடக்கிறது என்பது இதில் தெரிகிறது. நீதி வேண்டுவோர் இதிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

அதே நூலில் இதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு. மூத்தவளான பீசஸுக்குத் தங்கையின்மேல் சில நேரங்களில் அன்பே தோன்றுவதில்லை. உடன்பிறந்தவளை நேசிக்காதவள் எவ்வளவு கெட்டவள் என்று தன்னைத்தானே நொந்துகொள்கிறாள். அவளுடைய பிறந்தநாளன்று இது வெளியாகிவிடுகிறது. அப்போது அவள் தாயும் சிற்றன்னையும் தங்கள் சிறுவயதுச் சண்டைகளை நினைவுகூர்ந்து சிரிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் எந்நேரமும் நேசித்துக்கொண்டே இருக்க எந்த உடன்பிறப்பாலும் இயலாது என்பதைப் பீசஸ் அறிகிறாள். அவள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. மாணவ நண்பர்களே, இந்தப் பாரத்தைச் சுமக்காத மூத்த பிள்ளை எந்நாட்டிலேனும் உண்டா? தன் நெஞ்சில் எழும் கோபமும் பொறாமையும் தனக்கு மட்டுமே உரியவை என்று எண்ணும் குழந்தை தனிமையில் வருந்துகிறது. பிறர்க்கும் அவை உண்டு என்று ஒரு கதை சொல்லும்போது அத்தனிமை நீங்குகிறது.

இனி, குடும்பத்தின் துன்பத்தை இக்கதைகள் சொல்லும் முறையைக் காண்போம். கிளியரி பள்ளி மாணவியாக இருந்தபோது, அமெரிக்காவில் 1929ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியில் அவர் தந்தை வேலை இழந்தார். வீட்டில் அன்று சூழ்ந்த கவலையைத் தம் நினைவு நூலில் அவர் எழுதியிருக்கிறார். 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரமோனாவும் அவள் தந்தையும்’ என்ற நூலில் அந்நினைவின் சாயல் தெரிகிறது. ஏழு வயது ரமோனா கிறிஸ்துமஸ் பரிசுகளுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நாளில், தந்தை வேலை போய்விட்டது என்ற செய்தியுடன் வருகிறார். தாய் முழுநேர வேலைக்குப் போகிறாள். தந்தை உதவித்தொகைக்காக வரிசையில் நிற்கிறார். வேலை தேடி அலைகிறார். வீட்டில் புகைபிடித்தபடி அமர்ந்திருக்கிறார்.

ஏழு வயதுக் குழந்தையால் இதற்கு என்ன செய்ய முடியும்? தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிக்கும் சிறுவனுக்குப் பெரும்பணம் கிடைக்கிறது என்று கேள்வியுற்று, தானும் நடித்துப் பணம் ஈட்டலாம் என்று ரமோனா எண்ணுகிறாள். ஒட்டும் முட்காய்களால் மகுடம் செய்து தலையில் அணிந்து பழகுகிறாள். அவை முடியில் சிக்கிக்கொள்கின்றன. தந்தை பொறுமையாக அமர்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறார். புகைப்பழக்கம் தந்தையின் உயிரைக் குடிக்கும் என்று அஞ்சி, தமக்கையோடு சேர்ந்து வீடெங்கும் அறிவிப்புகளை ஒட்டுகிறாள். கதையின் முடிவில் தந்தைக்கு ஒரு பல்பொருள் அங்காடியில் காசாளர் வேலை கிடைக்கிறது. செல்வந்த உறவினர் எவரும் வரவில்லை. கிடைத்த வேலையிலும் அவருக்கு நிறைவு இல்லை என்பதை அடுத்த நூல்கள் மறைக்காமல் சொல்கின்றன. 1981ஆம் ஆண்டு வந்த ‘ரமோனா குவிம்பி, வயது எட்டு’ என்ற நூலில் அவர் ஓவிய ஆசிரியராவதற்காக மீண்டும் கல்லூரியில் படித்துக்கொண்டே, பகுதிநேரமாகக் குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். பணமுடை நீங்கவில்லை. ஆனால் குடும்பம் உடையவில்லை.

பெரியவர்களின் கவலைகளைக் குழந்தைகளுக்கு ஏன் சொல்லவேண்டும் என்று சிலர் கேட்பர். குழந்தைகளுக்கு அவை முன்பே தெரியும் என்பதே என் விடை. அடுத்த அறையில் பெற்றோர் தாழ்ந்த குரலில் பேசும்போது எந்தக் குழந்தையும் உறங்குவதில்லை. காரணம் தெரியாத கவலையே குழந்தையை மிகுதியாக வாட்டும். கதை அக்கவலைக்கு ஒரு பெயரும் உருவமும் தருகிறது. அதனோடு வாழ்ந்து கடந்து சென்ற ஒரு சிறுமியையும் துணைக்குத் தருகிறது.

கிளியரி இந்நேர்மையை இன்னும் ஒரு படி கொண்டு சென்றார். ஒருவரை ஒருவர் அறியாத சிறுவர் இருவர், பெற்றோர் மணவிலக்குப் பெற்ற ஒரு பையனைப்பற்றி எழுதுமாறு அவரைக் கேட்டுக்கொண்டனர். அதன் விளைவாக 1983ஆம் ஆண்டு ‘அன்புள்ள திரு. ஹென்ஷா’ என்ற நூல் வெளிவந்தது. லீ பாட்ஸ் என்னும் சிறுவன் தனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவருக்கு எழுதும் கடிதங்களும், பின்னர் எழுதும் நாட்குறிப்புமே அக்கதை. தந்தை சரக்கு லாரி ஓட்டித் தொலைதூரம் அலைகிறார். தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறார். பெற்றோர் மீண்டும் ஒன்றுசேர வேண்டும் என்பதே சிறுவனின் ஏக்கம். நூலின் முடிவில் அவர்கள் சேரவில்லை. சேர்த்து வைத்திருந்தால் கண்ணீர் துடைக்கப்பட்டிருக்கும். ஆனால் அதே நிலையில் உள்ள எத்தனையோ பிள்ளைகளுக்கு அக்கதை பொய்யாகியிருக்கும். சிறுவர் இலக்கியத்துக்கென அமெரிக்க நூலகச் சங்கம் அளிக்கும் நியூபெரி பதக்கம் 1984ஆம் ஆண்டு இந்நூலுக்கு வழங்கப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பின், கிளிக்கிடாட் தெருவின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அத்தெருவில் கறுப்பினக் குழந்தைகளைக் காண்பது அரிது. இது ஓர் ஆசிரியரின் மனப்போக்கால் மட்டும் நேர்ந்தது என்று கூறிவிட முடியாது. கறுப்பினத்தார் குடியேறக் கூடாது என்ற விதியை ஆரிகன் மக்கள் 1857ஆம் ஆண்டிலேயே தங்கள் மாநில அரசியலமைப்பில் எழுதி வைத்தார்கள். அவ்விதி 1926ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டது. அப்போது சிறுமி கிளியரிக்கு வயது பத்து. போர்ட்லண்டில் மட்டும் அன்றி, நாடு முழுவதிலும் சிறுவர் நூல்கள் அவ்வாறே இருந்தன. நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்ற நூல்கள் அவற்றுள் 349 மட்டுமே. அதாவது நூற்றுக்கு 6.7. யாக்கிமாச் சிறுவன் கேட்ட கேள்வியை இப்போது இலட்சக்கணக்கான குழந்தைகள் கேட்க வேண்டியிருந்தது.

விடைகளும் மெல்ல வரத் தொடங்கின. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பனி பெய்த நாள்’ என்ற படக்கதையில், பீட்டர் என்னும் கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். பனியில் காலடித் தடம் பதிக்கிறான். ஓர் உருண்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பிறகு பார்த்தால் பை காலியாக இருக்கிறது. கதை இவ்வளவே. இன்பமாக ஒரு நாளைக் கழிக்கும் உரிமை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு என்பதை அது ஒரு வார்த்தையும் வாதாடாமல் நிலைநாட்டியது. நூல்கள் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் பலகணியாகவும் இருக்கவேண்டும் என்ற கருத்தை ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியர் 1990ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் விளக்கினார். கண்ணாடியில் குழந்தை தன்னைக் காண்கிறது; பலகணி வழியே பிறரைக் காண்கிறது. கண்ணாடி மட்டுமே உடைய குழந்தைக்கும் குறை உண்டு. பலகணி மட்டுமே உடைய குழந்தைக்கும் குறை உண்டு.

போர்ட்லண்டு நகரிலேயே இதற்கு அழகிய சான்று ஒன்று உள்ளது. அந்நகரில் வளர்ந்த ரெனே வாட்சன் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2020ஆம் ஆண்டு ‘வெயிலை வரவழைக்கும் வழிகள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சிறுவர் நூலை வெளியிட்டார். அதன் தலைவி நான்காம் வகுப்புச் சிறுமி ரையன் ஹார்ட். அவள் பெயருக்கு அரசன் என்று பொருள். ஆண்பிள்ளையின் பெயர் என்று பிறர் வியக்கிறார்கள். அவளோ அப்பெயருக்கு ஏற்ப வாழ விரும்புகிறாள். வருமானம் குறைந்ததால் குடும்பம் சிறியதொரு வீட்டுக்குக் குடிபெயர்கிறது. ரமோனாவின் நகரம், ரமோனாவின் வீட்டைப் போலவே பணக்கவலை, ஆனால் நாம் முன்பு நுழையாத வீடு. ஒரு தெருவைப்பற்றிய உண்மையான கதை, அடுத்த தெருவின் கதைக்கும் இடம் கேட்கிறது என்பதை இதனால் அறிகிறோம்.

போர்ட்லண்டின் கிராண்ட் பூங்காவில் ரமோனா, ஹென்றி, நாய் ரிப்ஸி ஆகிய மூவரின் வெண்கலச் சிலைகள் 1995ஆம் ஆண்டுமுதல் நிற்கின்றன. போரில் வென்றவர்களுக்கும் நாடு ஆண்டவர்களுக்கும் சிலை எழுப்புவது உலக வழக்கம். பரிசுக்காக நாற்காலியில் அமர்ந்திருந்த சிறுமிக்கும், புழு பொறுக்கிக் கடன் தீர்த்த சிறுவனுக்கும் ஒரு நகரம் சிலை வைத்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உவகை பிறக்கிறது.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் தொடக்கப் பள்ளியை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டீர்கள். இத்தகைய கதைகள் இனி உங்களுக்கு உரியவை அல்ல என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் தம்பியும் தங்கையும் இருப்பார்கள், நாளை உங்களுட் சிலர் ஆசிரியராவீர்கள், சிலர் பெற்றோராவீர்கள். தொலைந்துபோன ஒரு பென்சிலுக்காக ஒரு குழந்தை அழும்போது, ‘இதற்கா அழுகிறாய்?’ என்று கேட்பது எளிது. அப்பென்சிலின் அளவை அக்குழந்தையின் அளவுகோலால் அளந்து பார்க்கும் பழக்கத்தை இந்நூல்கள் நமக்குக் கற்றுத் தருகின்றன.

எழுத்தில் ஆர்வம் உடையவர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஏழாம் வயதில் உங்களை ஓர் இரவு முழுவதும் உறங்கவிடாது செய்த கவலை எது என்று எண்ணிப் பாருங்கள். அதை அன்று இருந்த அளவிலேயே எழுதுங்கள். இன்றைய அறிவைக்கொண்டு சுருக்கிவிடாதீர்கள். பிறகு உங்கள் தெருவில் உள்ள ஏழு வயதுக் குழந்தைக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். கேட்டு முடித்தபின் அக்குழந்தை, ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டால், நீங்கள் எழுதியது கதைதான்.